சங்கு நண்டு சட்டை உரிக்கும் நேரம்: கைகொடுக்கும் சில குறிப்புகள்

பள்ளி விடுமுறையில் பிள்ளை அடம்பிடித்து வாங்கிய சங்கு நண்டு, ஒருநாள் மண்ணுக்குள் போனது போனதுதான் என்று காணாமல் போய்விடும். செத்துவிட்டதோ என்று வீடே கலங்கும். சிங்கப்பூரில் வளர்க்க அனுமதியுள்ள சின்னச் சின்னப் பிராணிகளில் இதுவும் ஒன்று. சத்தமில்லை, முடி கொட்டாது, வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்குத் தோதான செல்லம்தான். ஆனால் சட்டை உரிக்கும் காலத்தில்தான் பல நண்டுகள் கைநழுவிப் போகின்றன, அதுவும் பெரும்பாலும் நாம் உதவுகிறோம் என்று கைவைப்பதால். எங்கள் வீட்டில் இருக்கும் நான்கும், இல்லாமல் போன ஒன்றும் சொல்லிக்கொடுத்தவை இவை. ஒரு விளக்கம் மட்டும்: சங்கு என்பது அது குடியிருக்கும் இரவல் வீடு, சட்டை என்பது அதன் உடம்போடு ஒட்டிய மேலோடு.

1. சட்டை உரிக்கப் போகிற நண்டு முன்கூட்டியே சாடை காட்டும். தின்பதும் தண்ணீர்த் தொட்டியில் கிடப்பதும் கூடும், பிறகு மந்தமாகிவிடும்; கண் மங்கும், கால்களில் சாம்பல் பூத்தாற்போல் நிறம் வெளுக்கும். முன்பு கால் உதிர்ந்த இடத்தில் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு மொட்டு தெரிந்தால், அடுத்த உரிப்பில் அங்கே புதுக்கால் வரப்போகிறது என்று பொருள்.

2. உள்ளே போன தேதியை ஒரு சீட்டில் எழுதி, போன இடத்துக்கு நேராகக் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். சின்ன நண்டுக்கு 2 முதல் 4 வாரம், நடுத்தரத்துக்கு 4 முதல் 8 வாரம், பெரிய நண்டுக்கு 2, 3 மாதமும் அதற்கு மேலும் ஆகும். தேதி கண்முன் இருந்தால் பிள்ளைகளின் நச்சரிப்பும் பாதியாகக் குறையும்.

3. எத்தனை நாளானாலும் தோண்டாதீர்கள். எங்கள் முதல் நண்டை 19ஆம் நாள் நான்தான் கரண்டியால் கிளறினேன். பால்கோவா மாதிரி மெத்தென்று இருந்த உடம்பு, எடுத்த மறுநாள் போய்விட்டது. பழைய சட்டை கழன்ற பிறகு புதியது இறுகும்வரை அதற்குத் தற்காப்பே கிடையாது. அது கட்டிய குழிதான் அதற்குப் பிரசவ அறை.

4. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கரண்டி வேண்டாம், மூக்கே போதும். செத்த நண்டு அழுகிய மீன் நாற்றம் அடிக்கும், மூடியைத் திறந்தாலே தெரிந்துவிடும். மழை பெய்த மண் வாசனை மட்டும் வந்தால் மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.

5. மண்மேல் காலும் கொடுக்குமாக ஒரு 'பிணம்' கிடந்தாலும் உடனே குப்பையில் போடாதீர்கள். லேசாகத் தொட்டுப் பாருங்கள்: உள்ளே ஒன்றுமில்லாமல் இறால் தோல் போல் கனமற்று இருந்தால் அது கழற்றிய சட்டைதான். சொந்தக்காரர் சங்குக்குள் ஒடுங்கிக் கிடப்பார்.

6. மண் ஆழம் குறைந்தது 15 சென்டிமீட்டர் வேண்டும், அல்லது வீட்டிலேயே பெரிய நண்டின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. இரண்டில் எது அதிகமோ அது. 50 சென்டிமீட்டர் நீளமும் 25 அகலமும் உள்ள தொட்டிக்கு ஏறக்குறைய 25 கிலோ மணல் பிடிக்கும். கடைக்குப் போகுமுன் கணக்குப் போட்டுக்கொண்டால் இரண்டு தடவை அலைய வேண்டாம், தொட்டி வைக்கும் மேசையின் தெம்பையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

7. ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், இதுதான் அளவு. பதம் நமக்குப் பழகியதுதான்: புட்டு மாவைவிட ஒரு பிடி ஈரம் கூடுதல், கொழுக்கட்டை பிடித்தால் உடையாமல் நிற்கணும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. விரலை விட்டு எடுத்தால் குழி அப்படியே நின்றால், நண்டு தோண்டும் குகையும் நிற்கும்.

8. நார்த்தூள் கட்டியைச் செடிக்கடையில் வாங்கினால் மலிவு. உரம் கலக்காதது என்று உறையில் பார்த்து வாங்குங்கள்.

9. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்ற பழைய வித்தை இங்கே பலிக்காது. இங்கே சேர்ப்பது குளோரமின். அது குளோரின் போல் சீக்கிரம் ஆவியாகிப் போகாது. மீன் கடையில் விற்கும் நீர் சீராக்கியில், குளோரமினுக்கும் ஏற்றது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். தேவை சில சொட்டுதான், ஒரு புட்டி மாதக்கணக்கில் வரும்.

10. நண்டுக்கு இரண்டு தண்ணீர்த் தட்டு வேண்டும், ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று உப்புத் தண்ணீர். உரிக்கப் போகுமுன் இரண்டையும் குடித்துச் சங்குக்குள் சேமித்துக்கொள்ளும். மண்ணுக்குள் அதுதான் அதன் கட்டுச்சோறு. தட்டு முழுகும் அளவுக்கு ஆழமாக இருக்கட்டும், ஏறி வரக் கூழாங்கல் படி ஒன்று வையுங்கள்.

11. உப்பு மிச்சம் பிடிக்கிறேன் என்று சமையல் உப்பைக் கரைக்காதீர்கள். மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பே வேண்டும். லிட்டருக்கு 35 கிராம். ஒன்றரை லிட்டர் போத்தலில் ஒரேயடியாகக் கலக்கிப் பெயர் எழுதி வைத்தால், தினமும் அளக்கும் வேலை இல்லை. (சீட்டு ஒட்ட மறந்த அன்று என் மாமியார் அதில் ரசம் வைத்துவிட்டார்.)

12. முதன்முதலில் மண்ணைப் பிசையும்போது பாதி நல்ல தண்ணீர், பாதி உப்புத் தண்ணீர் ஊற்றினால் பூஞ்சணம் சீக்கிரம் எட்டிப்பார்க்காது.

13. ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு, வெப்பம் 24 முதல் 30 டிகிரி. இந்த ஊர்க் காற்றே கிட்டத்தட்ட அதைத்தான் தருகிறது, எனவே வெளிநாட்டில் வாங்கும் வெப்பத் தகடெல்லாம் நமக்குத் தண்டச் செலவு. குளிர்சாதனம் ஓடும் அறைதான் எதிரி: நண்டு மூச்சு விடுவது செவுளால், அது காய்ந்தால் மூச்சு முட்டும். தொட்டியைக் கூடத்தில் வையுங்கள், வேறு வழியில்லை என்றால் மூடியின் முக்கால் பங்கை உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

14. வெயில் நேரே விழும் சன்னலோரம் வேண்டவே வேண்டாம். கண்ணாடித் தொட்டி அரைமணியில் இட்லிப்பானை ஆகிவிடும்.

15. ஈரம் நல்லது என்று தினமும் தெளித்துக்கொண்டே இருந்தால், தண்ணீர் அடியில் போய்த் தேங்கிக் குழியில் இருக்கும் நண்டை மூழ்கடித்துவிடும். வாரம் ஒருமுறை கைப்பேசி விளக்கால் கண்ணாடியின் அடிப்பக்கம் பாருங்கள். மணல் கறுத்திருந்தாலோ தண்ணீர் கோடு தெரிந்தாலோ தெளிப்பதை நிறுத்தி, மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

16. எறும்பு ஏறாமல் இருக்க மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பாட்டி காலத்து யோசனை. ஆனால் இங்கே அந்தக் கிண்ணத்தில் கொசுப்புழு கண்டால் அபராதம்! தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொட்டிக்குள் இருக்கும் தட்டுகளில் மட்டும் சோப்பு வாடையே ஆகாது, அவற்றைத் தினமும் வெறுமனே கழுவி நிரப்பினால் போதும்.

17. புளோக்கில் கொசுப்புகை அடிக்கும் அறிவிப்பு ஒட்டினால், அன்று சன்னல்களை அடைத்துத் தொட்டியை ஈரத்துண்டால் மூடிவிடுங்கள். பூச்சியைக் கொல்வது நண்டையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகள்தானே. கரப்பான் மருந்து, கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் வேறு அறையோடு நிற்கட்டும்.

18. தொட்டியின் பக்கங்களில் பழைய நாள்காட்டித் தாளையோ கறுப்புத் தாளையோ மண் மட்டம் வரை ஒட்டுங்கள். குழிக்குள் இருட்டாக இருந்தால் நண்டு நிம்மதியாக இருக்கும். துணி துவைக்கும் இயந்திரமும் தொலைக்காட்சி ஒலிபெருக்கியும் அதிரும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

19. மண்ணுக்குள் போகாமல் மேலேயே உரிக்கத் தொடங்கிவிட்டதா? தூக்காதீர்கள். பெரிய குளிர்பானப் போத்தலின் மேலும் கீழும் வெட்டி, அந்தக் குழாயை நண்டைச் சுற்றி மண்ணில் நான்கைந்து சென்டிமீட்டர் அழுத்திவிடுங்கள். மற்ற நண்டுகள் வந்து கடிக்காது. உள்ளே போத்தல் மூடியில் கொஞ்சம் தண்ணீர், வாய்க்கு வலைத்துணி, மேலே ஓர் இருண்ட துணி. வெட்டு ஓரத்தைச் சூடான கரண்டியால் ஒற்றினால் கையைக் கிழிக்காது.

20. கழற்றிய சட்டையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எடுத்துவிடாதீர்கள். நண்டு அதையே தின்றுதான் புதுச் சட்டையை இறுக்கிக்கொள்ளும். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து வீணாவதில்லை. சிக்கனத்தில் நம்மையெல்லாம் மிஞ்சியது.

21. உரிக்கும் நண்டின் வாசனை மற்றவற்றுக்குச் சாப்பாட்டு மணி அடித்த மாதிரி. அந்த நாட்களில் மேலே இருப்பவற்றுக்குப் புரதம் குறைய விடாதீர்கள்: மீனுக்கு மஞ்சளும் உப்பும் தடவுமுன் நகத்தளவு ஒரு துண்டு, அவித்த முட்டையில் ஒரு கிள்ளு. வயிறு நிறைந்தவன் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பது குறைவு.

22. சுண்ணாம்புச் சத்துக்குப் பறவைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் அந்த வெள்ளை ஓடு வேறொன்றுமில்லை, ஓட்டுக் கணவாயின் முதுகோடுதான். ஈரச்சந்தையில் கணவாய் சுத்தம் செய்யும்போது கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, அவித்து, வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும். ஊசிக் கணவாயில் இருப்பது கண்ணாடிப் பட்டை போன்ற மெல்லிய தண்டு, அது உதவாது.

23. முட்டை ஓடு, இறால் தோல் இரண்டையும் பத்து நிமிடம் அவித்துக் காயவைத்து மிக்சியில் பொடித்தால் ஒரு புட்டி மாதக்கணக்கில் வரும். தினமும் ஒரு சிட்டிகை.

24. மீன் கடையில் விற்கும் காய்ந்த கெட்டாபாங் இலை, அதுதான் நம் ஊர் நாட்டு வாதுமை, நான்கைந்து மண்மேல் பரப்புங்கள். ஒளிய இடமாச்சு, கொறிக்கத் தீனியுமாச்சு.

25. உரித்து எழுந்த நண்டு பருத்திருக்கும், பழைய சங்கு இறுக்கிப் பிடிக்கும். ஒரு நண்டுக்கு மூன்று காலிச் சங்காவது, இப்போதையதைவிட வாய் சற்றே அகலமாகப் பல அளவில் போட்டு வையுங்கள். கார்ட்டூன் படம் வரைந்த சாயச் சங்கு அழகுதான், ஆனால் சாயம் உரிந்து நண்டின் வயிற்றுக்குள் போகும். வாங்கிய சங்கை அவித்து ஆறவைத்த பிறகே போடுங்கள்.

26. ஒன்று உள்ளே இருக்கும்போது புது நண்டு வாங்கி விடாதீர்கள். புதியது பதற்றத்தில் கண்ட இடத்தையும் தோண்டும். கடைகளில் இருப்பவை அநேகமாக எல்லாமே கடற்கரையில் பிடித்தவை, குஞ்சுப் பருவம் கடலில் கழிய வேண்டும் என்பதால் வீட்டில் பெருக்குவது அரிது. நன்றாக இருந்தால் பத்திருபது ஆண்டுகூட வாழும் உயிர், அவசரப்பட்டுச் சோடி சேர்க்க வேண்டியதில்லை.

27. மண்ணில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூச்சி துள்ளினால் பயந்து மண்ணைக் கொட்டாதீர்கள். அவை பூஞ்சணத்தைத் தின்னும் கூலியில்லாத் துப்புரவாளர்கள்.

28. வெளியே வந்த அன்று நிறம் பளிச்சென்று, புதுச் சேலை கட்டினாற்போல் இருக்கும். பிள்ளைகள் கையில் எடுக்கத் துடிப்பார்கள். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அன்று கணவாய் ஓடும் ஒரு துண்டு மீனும் தண்ணீர்த் தட்டுகளும் அதன் பாதையிலேயே இருக்கட்டும்.

29. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா, நண்டு இன்னும் உள்ளேயா? பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியோடு இரண்டு போத்தலையும், எது எந்தத் தட்டுக்கு என்று எழுதிய சீட்டையும் கொடுங்கள். சீட்டின் மேலே, கொட்டை எழுத்தில்: "தோண்டிப் பார்க்க வேண்டாம், அக்கா!"