புயலில் விழுந்த தென்னந்தோப்பு

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. சென்னை மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ உத்தியோகத்திலிருப்போர் இத்தகைய வேளையில் கிராமத்திலுள்ள பெற்றோருக்கு அரிசியும் துணியும் அனுப்புவது இயல்பு. அவற்றுடன் விழுந்த மரங்களை அறுத்து அகற்றும் கூலியையும் அனுப்புதல் உத்தமம். ஏனெனில் மட்கும் தண்டிலும் அடிக்கட்டையிலும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பின்னர் அதுவே புதுக் கன்றின் குருத்தைத் துளைக்கும். கன்றுகளை 25 அடி இடைவெளியில் நடுக. நெட்டை ரகம் காய்க்க 5, 6 வருஷமாகும். அதுவரை குடும்பம் எதனால் பிழைப்பது? இடையே உளுந்து, நிலக்கடலை, வாழை பயிரிடலாம். கடல்நீர் ஏறிய வயலில் வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கிப் பலமுறை வடித்தபின், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழவேண்டும்.