விரல் நுனியில் ஒரு தீர்ப்பு



பதுளை பசறை வீதியை அண்டிய தோட்டமொன்றில், ஒரு ஞாயிறு மாலை, செபக்கூட்டம் முடிந்தபின் லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த இளைஞன் தன் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறர் தொலைபேசியை எட்டிப் பார்ப்பது நாகரிகம் அல்ல. ஆயினும் என் கண் அங்கே போய்விட்டது. முதலில் ஒரு நாய்க்குட்டியின் படம். மழையில் நனைந்து துவாய்க்குள் சுருண்டு கிடந்தது. பையனின் முகம் மலர்ந்தது. சிவந்த இருதயக் குறியை இட்டான். அடுத்து, தோட்டச் சம்பளத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்த சில வரிகள். முதல் வரியைத் தாண்டி அவன் வாசித்திருக்க மாட்டான். முகம் கறுத்தது, கோபக் குறியை இட்டான். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து விநாடிகூடச் செல்லவில்லை.

"அதை எழுதியது யார், தம்பி?" என்று கேட்டேன்.

"எங்க மாமாதான் சாமி. அவரு மத்த சங்கம்" என்றான்.

அந்த மாமா கடல் கடந்து வாழ்பவர் அல்லர். அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் இருப்பவர். சில வாரங்களின் பின் அவருடைய மகளுக்குச் சடங்கு நடந்தது. முதல் தண்ணீர் ஊற்ற வேண்டிய அத்தை, அதாவது இந்த இளைஞனின் தாய், போகவில்லை. மகன் இட்ட கோபக் குறிக்கு மாமா கடுமையாகப் பதில் எழுத, அதற்கு இவன் ஒன்று எழுத, ஊரே வாசிக்க, பத்து அடித் தூரத்தில் இருந்த இரு வாசல்களும் ஒன்றுக்கொன்று அடைபட்டுப் போயின.

இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது இதனைத்தான். வாயால் ஒரு சொல்லும் சொல்லாமல், விரல் நுனியால் நாம் நாள்தோறும் வழங்கும் தீர்ப்பு.

இக்குறிகள் எவ்வாறு வந்தன?

முகநூலில் 2009ஆம் ஆண்டு பெருவிரல் வடிவிலான 'லைக்' குறி வந்தது. 2016 பெப்ரவரியில் அதனோடு மேலும் ஐந்து குறிகள் உலகெங்கும் சேர்க்கப்பட்டன: அன்பு, சிரிப்பு, வியப்பு, துக்கம், கோபம். மனிதன் தன் உள்ளத்தைக் காட்ட இது ஒரு வசதி என்றே பலரும் எண்ணினோம்.

ஆனால் அந்தக் குறிகளை நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்றும் பின்னால் இருந்தது. எந்தப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கு அது. 2017 முதல் அக்கணக்கில் ஒரு லைக்குக்கு 1 புள்ளி என்றால், கோபம் உள்ளிட்ட புதிய குறிகள் ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கொடுக்கப்பட்டது. கோபக் குறி அதிகம் பெறும் பதிவுகளில் பொய்யும் வசையும் கூடுதலாக இருப்பதை அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டறிந்தனர். பின்னர் எடை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020 செப்டெம்பரில் கோபக் குறியின் எடை பூச்சியமாக்கப்பட்டது. 2021 அக்டோபரில், நிறுவனத்தின் உள்ளக ஆவணங்கள் பத்திரிகைகளில் வெளியானபோதுதான் இவ்விவரங்களை உலகம் அறிந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிறையைக் குறைத்து எழுதினால் நம் தாய்மார் விடமாட்டார்கள், உடனே கேட்பார்கள். ஆனால் நம் கோபத்தை ஐந்து மடங்காக எழுதிக்கொண்ட தராசைப் பற்றி நாம் ஆண்டுக்கணக்காக ஒன்றும் அறியாதிருந்தோம். "நான் வெறும் குறிதானே இட்டேன், ஒன்றும் பேசவில்லையே" என்று சொல்ல இனி நமக்கு இடமில்லை. ஒரு பதிவைப் பிடிக்காமல் கோபித்த நாமே, அதை அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஆனோம்.

ஒரே குரங்கு, இரண்டு முகம்

மிருகங்களின் படத்துக்கு இருதயக் குறி இடுவதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். தவறு ஏதும் இல்லை. படைப்பைக் கண்டு மகிழ்வது நல்ல உள்ளத்தின் அடையாளம். ஆனால் அந்த அன்பும் கோபத்தைப் போலவே முழுவதையும் பாராமல் பிறக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

2023 ஏப்ரலில், இலங்கைக் குரங்குகள் ஒரு லட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அப்போதைய விவசாய அமைச்சர் வெளியிட்டார். நாடெங்கும் வாதம் எழுந்தது. ஒரு புறம், குட்டியை மார்போடு அணைத்த தாய்க் குரங்கின் படங்கள். மறுபுறம், பயிரை இழந்த விவசாயிகளின் குமுறல். விடயம் நீதிமன்றம் வரை சென்றது. ஏற்றுமதி நடைபெறாது என்று அவ்வாண்டு ஜூன் மாதம் அங்கே தெரிவிக்கப்பட்டது. பின்னர் 2025 மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி முதல் 8.05 வரை, பயிரை அழிக்கும் மிருகங்களை நாடு முழுவதும் எண்ணும் கணக்கெடுப்பு நடைபெற்றது. அதைப் பலர் சிரிப்புக் குறியால் வரவேற்றனர்.

நமது மலைப் பகுதியில் லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் சோளமும் போட்டிருக்கும் ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். விடிந்து எழுந்து பார்த்தால் பாத்தி வெறுமையாகக் கிடக்கிறது. அவளுக்கு அந்தத் தாய்க் குரங்கின் படத்தைக் காட்டினால் என்ன குறி இடுவாள்? அதற்காகக் குரங்கு ஒழியவேண்டும் என்பதா? அதுவும் இறைவனின் படைப்பே. குட்டியின் அழகும் மெய். பாட்டியின் இழப்பும் மெய். குறியோ ஒன்றைத்தான் காட்டும். இருதயக் குறி இட்டவர் பாட்டியைக் காணவில்லை; கோபக் குறி இட்டவர் குட்டியைக் காணவில்லை; சிரிப்புக் குறி இட்டவர் இருவரையுமே காணவில்லை.

சிறு பொறி, பெரு நெருப்பு

இது விளையாட்டு விடயம் அல்ல என்பதை நம் நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவோடு கருத்தடை மருந்து கலக்கப்படுவதாக வதந்தி பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில், அது வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. ஆனால் அம்முடிவு வருமுன்னரே, மார்ச் தொடக்கத்தில், கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, முகநூல் ஒரு வாரத்துக்கு மேல் முடக்கப்பட்டது. அவ்வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக அந்நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது.

அடுத்தது நம்மைச் சுடும் உதாரணம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று நம் ஆலயங்களில் சிந்திய இரத்தம் காயுமுன், மே 12ஆம் நாள், கத்தோலிக்கர் பெருந்தொகையாக வாழும் சிலாபம் நகரில், ஒரு முஸ்லிம் வியாபாரி முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். 'அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்' என்பது அதன் பொருள். ஒருவருக்கு அவர் கொடுத்த பதில் அது. அடுத்த தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று அதை மக்கள் எடுத்துக்கொண்டனர். அவர் தாக்கப்பட்டார், பள்ளிவாசல் மீதும் கடைகள் மீதும் கல் விழுந்தது, ஊரடங்குச் சட்டம் வந்தது. மறுநாள் வேறு மாவட்டங்களிலும் வன்முறை பரவி, ஓர் உயிரும் போயிற்று. துயரத்தில் இருந்த மக்கள்தாம் நாம். ஆயினும் முழுவதையும் கேளாமல் தீர்ப்பிட நமக்கும் உரிமை இல்லை.

இதற்கெல்லாம் தொலைபேசியே காரணம் என்று கூறித் தப்பிவிடவும் முடியாது. நம் மாவட்டத்தின் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், 2000 அக்டோபர் 25ஆம் நாள், 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் ஒரு கும்பலால் கொல்லப்பட்டனர். அன்று முகநூல் இல்லை. சுவரொட்டியும் வாய்வழிச் செய்தியும் போதுமாயிருந்தன. நோய் பழையது, இன்று அதற்கு வேகம் கூடியிருக்கிறது.

நாவு சிறு உறுப்பே ஆயினும் ஒரு காட்டையே எரிக்கும் சிறு பொறி போன்றது என்று யாக்கோபு தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். ஊவாவின் மலைகளில் ஆடி, ஆவணிக் காற்றில் மானாப்புல் பற்றி எரிவதைக் கண்டிருக்கும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. இன்று அந்த நாவு விரல் நுனியிலும் இருக்கிறது.

கோபமே கூடாதா?

அப்படியானால் அநீதியைக் கண்டும் வாய்மூடி இருக்கவேண்டுமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. தேவாலயத்தில் வியாபாரம் நடந்ததைக் கண்டு ஆண்டவரே கோபம் கொண்டார். தோட்டத் தொழிலாளரின் சம்பளம், வீடு, காணி ஆகியவை கோபம் கொள்ளத் தகுந்த விடயங்களே. ஆனால் நம் முன்னோர் அந்தக் கோபத்தை என்ன செய்தனர்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆக்கப்பட்ட நம்மவர் வழக்காடினர், சத்தியாக்கிரகம் இருந்தனர், சங்கம் வைத்தனர், வாதாடினர். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை சென்றது. ஐம்பத்தைந்து ஆண்டு பொறுத்த கோபம் அது. பத்து விநாடிக் கோபம் ஒரு ரூபாவையும் கூட்டித் தராது; அத்தையையும் மருமகளையும் மட்டும் பிரித்துவிடும்.

2021இல் 1,000 ரூபா என்றும், 2024இல் 1,700 ரூபா என்றும் சம்பளப் பேச்சு எழுந்த வேளைகளில், நம் மக்கள் ஒருவரையொருவர் ஏசிய அளவுக்கு, கூடிப் பேசினார்களா என்பதை அவரவர் மனச்சாட்சியே சொல்லட்டும்.

நின்று பார்த்தவர் ஒருவர்

2023 மே மாதம் உரோமையின் சமூகத் தொடர்புத் திருப்பீட அவை வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை, இவ்வூடகங்களில் கிறிஸ்தவன் நடந்துகொள்ளவேண்டிய முறைக்கு நல்ல சமாரியன் உவமையை எடுத்துக்கொள்கிறது. அடிபட்டுக் கிடந்தவனை மூவர் கண்டனர். குருவும் லேவியனும் கண்டனர்; விலகிப் போயினர். அவர்களும் ஒருவேளை மனதுக்குள் 'ஐயோ பாவம்' என்று சொல்லியிருப்பார்கள். இன்றைய நாளாயின் ஒரு துக்கக் குறி இட்டுவிட்டு நடந்திருப்பார்கள். சமாரியன் ஒருவனே நின்றான், குனிந்தான், காயத்தைத் தொட்டான், தன் பணத்தைச் செலவிட்டான். அடிபட்டவன் எந்த இனம், எந்தக் கட்சி என்று அவன் விசாரிக்கவில்லை.

பெற்றோர்க்கு

பிள்ளைகளிடமிருந்து தொலைபேசியைப் பறிப்பதால் இப்பாடம் முடியாது. நாமே பிள்ளைகளுக்கு முன்பாக அதைச் செய்துகொண்டிருக்கிறோம். எனவே வீட்டில் மூன்று பழக்கங்களை ஆரம்பிக்கலாம்.

1. முழுவதையும் வாசிக்கும் முன் எக்குறியும் இடுவதில்லை என்று குடும்பமாகத் தீர்மானிப்போம்.

2. குறி இடும்முன், "இதை எழுதியவர் இப்போது பீலிக்கரையில் எனக்கு எதிரே நின்றால், இதே முகத்தைக் காட்டுவேனா?" என்று கேட்போம். காட்டமாட்டோம் என்றால் இடவேண்டாம். காட்டத்தான் வேண்டும் என்றால், நேரில் சென்று பேசுவோம்.

3. துக்கக் குறியோ இருதயக் குறியோ இட்ட நாளில், அதற்கு ஈடாக ஒரு செயலும் செய்வோம். அடுத்த வீட்டு நோயாளியைப் பார்க்கலாம். வாசலில் நிற்கும் நாய்க்கு ஒரு பிடி சோறு வைக்கலாம்.

இரவுச் செபமாலை முடிந்ததும் இவ்வினாக்களைக் குடும்பத்தோடு சிந்தியுங்கள்: இன்று யாருடைய சொல்லை முழுவதும் கேளாமல் கோபித்தேன்? முகநூலில் நான் அன்பு காட்டிய அளவுக்கு, இந்தக் கூரையின் கீழ் யாருக்குக் காட்டினேன்? நான் மன்னிப்புக் கேட்கவேண்டிய வாசல் எது?

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரு வீட்டாரைப் பற்றி அறிய விரும்புவீர்கள். சென்ற நத்தாருக்கு அந்தத் தாய் ஒரு தட்டில் பலகாரத்தை வைத்து மகன் கையில் கொடுத்து, "நீதானே ஆரம்பிச்ச, நீயே கொண்டுபோ" என்று அனுப்பினாள். அவன் கடைசிக் காம்பரா வரை நடந்தான். பத்து அடிதான், ஆனால் அவனுக்கு அது நமுனுகுலை ஏறுவதுபோல் இருந்ததாம். மாமா தட்டை வாங்கிக்கொண்டு, "உள்ள வாடா" என்றார். இருவரும் இன்றும் வேறு வேறு சங்கத்தில்தான் இருக்கிறார்கள். சம்பளத்தைப் பற்றி இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் இஸ்தோப்பில் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாதாடுகிறார்கள்.