பாரே எதைப் பார்த்தார்?

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கட்டுரை கிடைத்தது. ஆண் உடையில் கப்பலேறிய பிரெஞ்சுப் பெண் ஜான் பாரேயைப் பற்றி எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாயே, அது மனத்தில் தைத்துவிட்டது. ‘நூறு ஆண்களுக்கு மேல் இருந்த கப்பலில், ஆண் உடையில் திரிந்த ஒரு பெண்ணை யாருமே கவனிக்காமல் போனது எப்படி?’ பதிலையும் நீயே சொல்லிவிட்டாய்: மாலுமிகளுக்கு அக்கறை இல்லை, பாரேயோ பயந்துபோய் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்திருப்பார்.

கேள்வியும் தவறு, பதிலும் தவறு. இப்படிக் கேட்க நமக்குக் கற்றுக்கொடுத்தது சினிமா. ‘அவ்வை சண்முகி’யில் (1996) மாமியாக வரும் கமல்ஹாசனைச் சுற்றி எல்லாரும் ஏமாந்துகொண்டே இருப்பார்கள், நாம் சிரித்துக்கொண்டே இருப்போம். குட்டு உடையப்போகும் நேரம்கூட அங்கே அடுத்த சிரிப்புக்கான ஏற்பாடுதான். நிஜத்தில் பார்ப்பவர்கள் அவ்வளவு முட்டாள்கள் இல்லை. அதனால்தான் உடையை மாற்றி மறைந்து வாழ்கிறவர் அவர்களைவிட ஒரு படி அதிகமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ரகசியம் அவருடைய கண்ணையும் காதையும் தீட்டிவிடுகிறது. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கப்பலுக்கு வருவோம். 1767 பிப்ரவரியில் புறப்பட்ட எத்துவால் கப்பலில் தாவரவியலாளர் கொமர்சோனின் வேலையாளாகப் பாரே ஏறினார். அரசுக் கப்பலில் பெண்கள் பயணம் செய்யக் கூடாது என்பது அன்றைய பிரெஞ்சு விதி. உலகைச் சுற்றிய அந்தப் பயணத்தின் தலைவர் பூகன்வீல் எழுதியதைக் கவனமாகப் படி. கப்பலில் சந்தேகம் நெடுநாளாகவே புகைந்துகொண்டிருந்தது. முகத்தில் தாடி இல்லை, குரல் வேறு மாதிரி, யார் எதிரிலும் உடை மாற்றுவதில்லை, யார் கண்ணிலும் படும்படி ஒதுங்குவதில்லை என்று காரணங்களை அவரே அடுக்குகிறார். கப்பல் மருத்துவர் விவேஸின் குறிப்பிலோ சந்தேகம் இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ஆக, எல்லாரும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது பாரேயின் இடத்தில் நின்று பார். கொமர்சோனின் கருவிகளும் பெட்டிகளும் அதிகம் என்பதால் கப்பல் தலைவர் தன் பெரிய அறையையே விட்டுக்கொடுத்திருந்தார். ஒதுங்க ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் கதவைத் திறந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும் எத்தனை கணக்குப் போட்டிருக்க வேண்டும்! காவல் மாறுகிற நேரம் எது, யார் பேச்சில் கேலி ஏறுகிறது, எவன் பார்வை முகத்தை விட்டு இறங்குகிறது, வெயிலில் மற்றவர்கள் சட்டையைக் கழற்றும்போது தான் கழற்றாமல் நிற்க எந்த வேலையைக் கையில் எடுப்பது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில். அறையில் முடங்கிக் கிடந்தார் என்கிறாயே, மகெல்லன் நீரிணையின் பனிமலைகளில் உணவையும் துப்பாக்கியையும் செடிக்கட்டுகளையும் சுமந்துகொண்டு கொமர்சோனுக்குப் பின்னால் நடந்தவர் யார்? பூகன்வீலே வியந்து எழுதியிருக்கிறாரே! அந்தப் பகுதியை நீ படிக்கவில்லை என்று நினைக்கிறேன். படித்திருந்தால் ‘முடங்கி’ என்று எழுத உனக்குக் கை வந்திருக்காது.

இங்கே என்னுடைய கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்குக் கவலை இல்லை. செடி தேடிய கண்ணும் ஆபத்தைத் தேடிய கண்ணும் ஒன்றுதான். உங்கள் வீட்டு மதில்மேல் படர்ந்திருக்கும் காகிதப்பூவின் அருகில் போய்ப் பார். சிவப்பாகத் தெரிவது இதழ் இல்லை. அது நிறம் மாறிய இலை, பூவடிச் செதில். உள்ளே வெள்ளையாக, சிறியதாக, குழல் மாதிரி இருக்கிறதே, அதுதான் பூ. அந்தச் செடி இவர்களுக்குக் கிடைத்தது ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில். பூகன்வீலின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. கொமர்சோனுக்கு அப்போது காலில் புண், நடக்க முடியாத நிலை. அதனால் பறித்து வந்தவர் பாரேயாக இருக்கலாம் என்று எழுதியவர்கள் உண்டு. இருக்கலாம் என்ன, எனக்குச் சந்தேகமே இல்லை. மேலுறை கண்ணை எப்படி இழுக்கும், உள்ளே இருப்பது எப்படித் தப்பிவிடும் என்பதைத் தன் உடம்பிலேயே நாள்தோறும் பயின்றவர் அவர். கொமர்சோனின் பெயரில் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கான செடிகளில் பாரேயின் கண் இருக்கிறது. 2012-இல் தென் அமெரிக்கக் கத்தரிக் குடும்பச் செடி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். இவ்வளவு தாமதமாகவா?

1768 ஏப்ரலில் தாஹிட்டியில் நடந்ததற்கு வருகிறேன். பாரே கரையில் இறங்கியதுமே தீவு மக்கள் சூழ்ந்துகொண்டு, இது பெண் என்று கூவிவிட்டார்கள். பூகன்வீல் சொல்வது இது. கப்பலில் மாதக்கணக்கில் சந்தேகத்தோடு நின்றுவிட்டதை அந்த மக்கள் ஒரு பார்வையில் எப்படிக் கண்டார்கள்? என் ஊகம் இது: கால்சட்டை போட்டவர் ஆண் என்ற ஐரோப்பியப் பழக்கம் தாஹிட்டிக்காரர்களுக்கு இல்லை. உடையை விட்டுவிட்டு அவர்கள் ஆளைப் பார்த்தார்கள். கப்பலில் இருந்தவர்களின் பழக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்து வைத்திருந்த பாரேக்குக் கரையில் இருந்தவர்களைப் படிக்க ஒரு நாழிகைகூடக் கிடைக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்தவர் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். 1963-இல் வந்த அவருடைய ‘ஸ்டிக்மா’ என்ற சிறிய புத்தகத்தை எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன். மற்றவர்கள் யோசிக்காமல் கடந்துபோகும் சாதாரணச் சூழலைக்கூட, மறைக்க ஒன்று உள்ளவர் கணக்குப் போட்டுத்தான் கடக்க முடியும் என்கிறார். அவருக்கே இதில் அனுபவம் உண்டு. வாஷிங்டனில் ஒரு பெரிய மனநல மருத்துவமனையில் விளையாட்டுத் துறை உதவியாளர் என்ற போர்வையில் ஓராண்டு நோயாளிகளோடு பழகித்தான் ‘அசைலம்ஸ்’ எழுதினார். மறைந்து வாழ்கிறவர் போட வேண்டிய இந்தக் கணக்கை நம் மகாபாரதமும் அறியும். அர்ஜுனன் பிருகந்நளையாக விராடன் அரண்மனைக்குப் போகும் முன் புரோகிதர் தௌமியர் பாண்டவர்களுக்குச் சொல்வது மந்திரமும் அல்ல, தந்திரமும் அல்ல. அரசனுக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ உட்கார், பின்னால் உட்காராதே, அது ஆயுதக் காவலர்களின் இடம் என்பது மாதிரியான சபைப் பாடம்.

ஆண்கள் பக்கமும் ஒன்று சொல்கிறேன். 1950, 60-களில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில் காசா சூசன்னா என்ற விடுதி இருந்தது. வேலையும் குடும்பமும் உள்ள ஆண்கள் வார இறுதியில் அங்கே போய்ப் பெண் உடையில் இருந்துவிட்டு வந்தார்கள். நடத்தியவர்கள் சூசன்னா வாலென்டியும் மன்ஹாட்டனில் சவுரிக்கடை வைத்திருந்த அவருடைய மனைவி மரீயும். வேடமிடுவதற்கு எதிரான 1845-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டிக் காவல்துறை கைது செய்துவந்த காலம் அது. பிறகு ஒரு பழைய பொருள் சந்தையில் கிடைத்த அவர்களின் புகைப்படங்கள் 2005-இல் புத்தகமாக வந்தன. அவற்றை நிதானமாகப் பார். கைப்பையை மடியில் எப்படி வைப்பது, முழங்காலை எப்படிச் சேர்ப்பது, தேநீர்க் கோப்பையை எந்த விரல்களால் பிடிப்பது என்று எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அம்மா எப்படி உட்காருவாள் என்று உன் வகுப்புப் பையன்களைக் கேள், ஒருவனுக்கும் தெரியாது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவருக்கோ நகக்கண்ணில் சாயம் மிச்சமிருக்கிறதா, இமை வேரில் மை நிற்கிறதா, கழுத்துப்பட்டையில் பவுடர் வாசம் வருகிறதா என்று பார்க்காமல் கதவைத் தாண்ட முடியாது.

ஆக்னஸ் என்ற பெண்ணின் கதை சற்று வேறு. அவர் உடையை மட்டும் மாற்றியவர் அல்ல, பெண்ணாகவே வாழ்ந்தவர். மறைக்க வேண்டியிருந்தது ஆணாக வளர்க்கப்பட்ட தன் கடந்த காலத்தை. 1958-இல், பத்தொன்பது வயதில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக மருத்துவர்களிடம் வந்தார். சமூகவியலாளர் கார்ஃபிங்கல் அவரைப் பற்றி 1967-இல் எழுதினார். காதலனின் தாயிடம் டச்சுச் சமையல் கற்றபோது, சமைப்பது எப்படி என்பதையே சத்தமில்லாமல் சேர்த்துக் கற்றுக்கொண்டாராம். வேறொரு பெண்ணின் நடத்தையைக் காதலன் குறை சொன்னால், அதுவும் அவருக்குப் பாடம். தாயின் ஹார்மோன் மாத்திரைகளைப் பன்னிரண்டு வயதிலிருந்தே எடுத்து விழுங்கியதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர் வெளியிட்டார். நிபுணர்கள் அவரை ஆராய்ந்துகொண்டிருந்த காலமெல்லாம், அவர்கள் எதை நம்ப விரும்புகிறார்கள் என்பதை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இந்தக் கூர்மைக்குக் கொடுத்த விலையை மறந்துவிடாதே. ஓய்வில்லாத கவனம் உடம்பைத் தின்றுவிடும். சட்டமும் ஊரும் துரத்தியதால் பழகிய பழக்கம் அது. துரத்தியவர்களுக்கு அதில் எந்தப் பெருமையும் இல்லை.

கட்டுரையைத் திருத்தும்போது அந்தக் கேள்வியை அடித்துவிடு. பயணத்தைப் பற்றிப் பாரே தன் கைப்பட எழுதியது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் மற்றவர்களின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, இந்த வரியில் பாரே எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார் என்று வரிக்கு வரி கேட்டு எழுது. பொங்கல் விடுமுறைக்கு முன் அனுப்பினால் உடனே படித்துத் திருப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்