பங்குனி வெயிலுக்கு இப்போதே விதையுங்கள்

நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் குத்தகை நிலம் பிடித்து, உலர்தீவனம் போட்டு விற்க நினைப்பவர்கள் இறங்க வேண்டிய மாதம் இந்தத் தை. சம்பா அறுவடை நடக்கிறது, வைக்கோல் மலிவு. ஆலைக்குக் கரும்பு வெட்டும் காலம் என்பதால் மாட்டுக்குக் கொழுந்தாடையும் தாராளம். அதனாலேயே இப்போது தீவனம் கேட்டு யாரும் வரமாட்டார்கள். கரும்பு வெட்டு முடிந்து, சித்திரை வைகாசியில் வரப்புப் புல்லும் காய்ந்த பிறகுதான் விலை ஏறும். அதுவரை நனையாமல் சேர்த்து வைக்க முடிந்தவருக்கே இந்தத் தொழில்.

வாடகை குறைவு என்று ஆற்றுப் படுகைக்குப் போகாதீர்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை என்ன செய்தது என்று பார்த்தோம். மேட்டு நிலம், போர் தண்ணீர், டிராக்டர் போக வழி மூன்றும் வேண்டும். குத்தகையை எழுதிக்கொள்ளுங்கள், ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு செய்வது கட்டாயம். மோட்டார் பழுதானால் யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

விதைக்க கோ.எஃப்.எஸ். 29 தீவனச்சோளம் நல்லது. ஏக்கருக்கு 2 கிலோ விதை. தை, மாசி இறவைப் பட்டம். 65 நாளில் முதல் அறுப்பு, அதன்பின் 50 நாளுக்கு ஒன்று. இப்போது விதைத்தால் முதல் அறுப்பு பங்குனி வெயிலில் விழும், காயவைக்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. பாதிப் பயிர் பூத்ததும் அறுங்கள். பூக்காத இளம் சோளத்தை, அதுவும் தண்ணீரின்றி வாடியதை, பச்சையாக மாட்டுக்குப் போடவே கூடாது. அதிலுள்ள சயனைடு நஞ்சு மாட்டைக் கொன்றுவிடும்.

அறுத்ததை மெல்லியதாகப் பரப்பி, இலை நொறுங்கத் தொடங்கும் முன், காலை வேளையில் புரட்டிவிடுங்கள். தண்டில் கணுவுக்குப் பக்கத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு இறங்காமல் கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். போர் தானாகத் தீப்பற்றுவதும் உண்டு. அடுக்கிய முதல் இரண்டு வாரம் கட்டுகளுக்கு நடுவே கைவிட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே பிரித்துப் போடுங்கள்.

சோளம் வரும்வரை வைக்கோல் கைகொடுக்கும். முதல் வருடம் கட்டும் மெஷினைச் சொந்தமாக வாங்க வேண்டாம், வாடகைக்கே எடுங்கள். பனி நன்றாக உலர்ந்த பிறகே கட்டச் சொல்லுங்கள். சிதம்பரம் பக்கம் நெல் தாளிலேயே உளுந்து தெளித்திருப்பார்கள். முளைத்த பயிர் மேல் சக்கரம் ஏறினால் அடுத்த வருடம் அந்த வயலில் உங்களுக்கு வைக்கோல் கிடைக்காது. அறுவடைக்கு முன்பே நிலத்துக்காரரிடம் நாள் பேசிவிடுங்கள். கட்டுக் கணக்கில் வாங்கினாலும் பத்துக் கட்டை எடை போட்டே விலை முடியுங்கள்.

தேசிய கால்நடை இயக்கத்தில் தீவன உற்பத்திக்கு 50 சதவீத மூலதன மானியம், 50 லட்சம் ரூபாய் வரை உண்டு. அது பெரிய முதலீட்டுக்கானது. ஒரு வருடக் கணக்கு கையில் வந்தபின் யோசிக்கலாம். இப்போதைக்கு விதைதான் அவசரம். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இந்த வாரமே விசாரித்து, மாசி பிறக்கும் முன் விதைத்துவிடுங்கள்.