கார் வாங்குமுன் காப்பீட்டுக் கணக்கு

ஜனக்புரியிலோ மயூர் விஹாரிலோ நம்மவர் ஒருவர் கார் வாங்கப்போகிறார் என்றால், முதலில் கேட்பது 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?' என்பதைத்தான். அடுத்தது மாதத் தவணை. வருஷந்தோறும் கட்டவேண்டிய இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று கேட்பவர் அபூர்வம். ஷோரூம்காரர் எழுதிக் கொடுக்கும் 'ஆன்-ரோடு' விலைச் சீட்டில் அது பதிவுக் கட்டணத்துக்குக் கீழே ஒரு வரியாக ஒளிந்துகொள்கிறது. மறு வருஷம் புதுப்பிக்கும்போதுதான் சுருக்கென்கிறது. எந்தக் காரை வாங்குகிறோம் என்பதே அந்தத் தொகையின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே கணக்கை வாங்குமுன் போட்டுப் பார்ப்பது நல்லது.

பிரீமியம் என்பது இரண்டு தனித்தனிக் கணக்குகளின் கூட்டல். நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிர்ச்சேதம், காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு ஈடு தருவது மூன்றாம் நபர் காப்பீடு. சட்டப்படி இது இல்லாமல் வண்டி தெருவில் இறங்கக்கூடாது. மீறினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம், சிறைவாசமும் உண்டு. நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்கும் ஆனது இரண்டாவது. அது நம் விருப்பம். ஆனால் கடனில் வாங்கிய வண்டிக்கு வங்கி அதைக் கட்டாயமாகக் கேட்கும்.

மூன்றாம் நபர் காப்பீட்டில் பேரம் இல்லை. எந்தக் கம்பெனியானாலும் அரசு அறிவித்த ஒரே கட்டணம். அது காரின் விலையையோ அழகையோ பார்ப்பதில்லை. எஞ்சினின் கொள்ளளவை மட்டுமே பார்க்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். 1500-ஐத் தாண்டினால் ஒரே தாவலில் 7,897 ரூபாய். இதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு.

இந்த எல்லைக்கோடுகளைத்தான் வாங்குபவர் கவனிக்கவேண்டும். மாருதி வேகன்-ஆர் 998 சி.சி. எஞ்சினுடனும் வருகிறது, 1197 சி.சி. எஞ்சினுடனும் வருகிறது. வெளித்தோற்றம் ஒன்றே; வருஷக் கட்டணத்தில் 1,322 ரூபாய் வித்தியாசம். மறுபக்கம், உயரமாக, வாட்டசாட்டமாக நிற்கும் நிஸான் மேக்னைட்டுக்கு 999 சி.சி. எஞ்சின்தான். ஒரே ஒரு சி.சி. குறைவாக நின்று ஆல்ட்டோவின் கட்டணத்தையே அதுவும் கட்டுகிறது! குடும்பத்தோடு தமிழ்நாடு வரை ஓட்டிப்போக இன்னோவா கிரிஸ்டா வாங்குகிறவர் 2393 சி.சி.க்கு மூன்றாம் படியில் ஏறிவிடுகிறார். மின்சாரக் கார்களுக்கு சி.சி. கிடையாது. மோட்டாரின் கிலோவாட்டை வைத்து, 30 வரை 1,780, 65 வரை 2,904, அதற்கு மேல் 6,712 ரூபாய்.

புதுக் கார் வாங்குபவர் இதை மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கட்டவேண்டும். இதன் பின்னால் ஒரு தமிழர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். முதல் வருஷத்துக்குப் பிறகு பலர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விடுவதால் விபத்தில் அடிபட்டவர்களுக்கு ஈடு கிடைப்பதில்லை என்பது அந்த வழக்கில் எழுந்தது. 2018 ஜூலையில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. சொந்த வண்டிச் சேதத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. அதை ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்து, மறு வருஷம் வேறு கம்பெனிக்கு மாறலாம். ஷோரூமிலேயே எடுத்தாகவேண்டும் என்பதும் இல்லை.

இனி, சொந்த வண்டிச் சேதக் கணக்கு. இதற்கு அடிப்படை ஐ.டி.வி. எனப்படும் மதிப்பு. வண்டி முழுதும் போய்விட்டால் கம்பெனி தரும் உச்சத் தொகை அது. புது வண்டிக்குக் கம்பெனி விற்பனை விலையில் 5 சதவீதம் கழித்து மதிப்பிடுவார்கள். வருஷம் ஏற ஏறக் கழிவும் ஏறி ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதமாகும். 2002-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் தில்லி, சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்கள் 'ஏ' மண்டலம். மற்ற ஊர்களெல்லாம் 'பி'. 'ஏ' மண்டலத்தில் ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட, 1000 சி.சி.க்கு மேல் 1500 வரையுள்ள காருக்கு மதிப்பில் 3.283 சதவீதம் என்று இருந்தது. 2007 முதல் அந்தக் கட்டுப்பாடு போய், கம்பெனிகள் தாங்களே தள்ளுபடி கொடுக்கலாம் என்றாயிற்று.

கம்பெனிகள் என்ன பார்க்கின்றன? ஒரு மாடலுக்கு எத்தனை பேர் நஷ்டஈடு கேட்டு வருகிறார்கள், உதிரிபாகம் என்ன விலை, அந்த மாடல் எவ்வளவு திருடுபோகிறது என்பதைத்தான். ஆகவே தெருவுக்குப் பத்து ஓடுகிற, காஷ்மீரி கேட்டில் எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கிற வண்டிக்குத் தள்ளுபடி தாராளம். இறக்குமதிப் பாகம் தேவைப்படும் வண்டிக்குக் கை இறுகும். அதே மாடலில் அடிப்படை ரகமா, உச்ச ரகமா என்பதும் முக்கியம். கண்ணாடிக் கூரைக்கும் பெரிய திரைக்கும் ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், மேற்சொன்ன பழைய விகிதப்படி முதல் வருஷம் சுமார் 4,700 ரூபாய் பிரீமியம் ஏறும். தள்ளுபடி போனாலும் ஒரு பங்கு நிற்கும். கண்ணாடிக் கூரை வேண்டாம் என்பது என் கட்சி. தில்லி வெயிலில் அதைத் திறப்பவர் யார்?

இங்கே ஒரு எச்சரிக்கை. பிரீமியத்தைக் குறைக்க ஐ.டி.வி.யைக் குறைப்பது சிக்கனமல்ல. நண்பர் ஒருவரின் நான்கு வயதுக் காருக்கு 3,60,000 என்று வரவேண்டிய மதிப்பை, புதுப்பிக்கும்போது 3,10,000 ஆக்கிக்கொண்டார். மிச்சம் எண்ணூறு ரூபாய் சொச்சம். குடியிருப்புக்கு வெளியே தெருவோரம் நிறுத்திய கார் ஒரு டிசம்பர் விடியற்காலையில் காணாமல் போயிற்று. போலீஸ் அறிக்கை, இரண்டு சாவிகள் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தார், பணமும் வந்தது. ஆனால் ஐம்பதாயிரம் குறைவாக வந்தது. அந்த அம்மாள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

உண்மையான சிக்கனம் நோ கிளெயிம் போனஸில் இருக்கிறது. நஷ்டஈடு கேட்காத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருஷத்துக்கு 50 சதவீதம் கழிவு. ஒருமுறை கேட்டுவிட்டால் முழுதும் போய் மறுபடி சைபரில் தொடங்கவேண்டும். ஆகவே சின்னக் கீறலுக்கு ஓடாதீர்கள். பம்பர் 4,000, கூலி 2,000 என்று பில் வந்தால், பிளாஸ்டிக்குக்குப் பாதிதான் தருவார்கள், 1500 சி.சி. வரை கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வருவது 3,000. சொந்தச் சேதப் பிரீமியம் 9,000 என்றும், அடுத்த வருஷம் 45 சதவீதக் கழிவு வரவேண்டியிருந்தது என்றும் வைத்துக்கொண்டால், இழப்பது 4,050. அதற்கடுத்த வருஷங்களின் இழப்பு தனி.

தில்லிக்கே உரிய இரண்டு சங்கதிகள். மழைக்காலத்தில் மின்டோ பிரிட்ஜ் அடியில் தண்ணீர் தேங்குவது நாமறிந்ததே. தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால் சாதாரண பாலிஸி தராது. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கவேண்டும். தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்தது டீசல். பத்து வருஷ டீசல் வண்டிகளையும் பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டிகளையும் தலைநகரப் பகுதியில் ஓட்டக்கூடாதென்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் இது பற்றி மேலும் உத்தரவுகள் வந்தன. பழைய டீசல் கார் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குமுன் அன்றைய நிலவரத்தைக் கேட்டறியுங்கள்.

காரோட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அதைச் சொல்லி அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லலாம். வீட்டில் இரண்டு கார் இருந்தாலும் ஒரே பெயரில் இரண்டு தேவையில்லை.

பழைய காரைக் கொடுத்துப் புதிது வாங்குபவர்களுக்கு இன்னொன்று. நோ கிளெயிம் போனஸ் காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்றதும் கம்பெனியிடம் அதற்கான சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். மூன்று வருஷம் வரை செல்லும். புதுக் காருக்குச் சொந்தச் சேதப் பிரீமியம் 20,000 என்றால், 50 சதவீதச் சான்றிதழ் கையிலிருப்பவர் 10,000 கட்டினால் போதும். எக்ஸ்சேஞ்ச் அவசரத்தில் ஷோரூம்காரர் இதை நினைவூட்டமாட்டார். புது பாலிஸி எழுதுமுன் நீங்களே கேளுங்கள்.