உடைக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி?

மெட்டலர்ஜி லேப்பில் நாம் என்ன செய்கிறோம்? சாம்பிளை அறுத்து, எமரி தாளில் தேய்த்து, நைட்டாலில் எட்ச் செய்து, மைக்ராஸ்கோப்பில் கிரெய்ன்களைப் பார்க்கிறோம். பார்த்து முடித்த பீஸ் ஸ்கிராப்புக்குத்தான். எங்கப்பா ஃபவுண்டரியில் மோல்டர். விரிசல் விட்டுத் திரும்பி வந்த பம்ப் பாடியைக் காட்டி, "உடைச்சுப் பாத்தாத்தான் கண்ணு தெரியும்" என்பார். ரிஜெக்ட் ஆன பீஸுக்கு அவருக்குக் கூலி கிடையாது. அதனால்தான் இந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது.

சாதாரண எக்ஸ்ரேயில் ப்ளோ ஹோல் தெரியும், கிரெய்ன் தெரியாது. பக்கத்துப் பக்கத்துக் கிரெய்ன்கள் எல்லாம் ஒரே உலோகம்தானே, எக்ஸ்ரேயை ஒரே அளவில்தான் தடுக்கும். ஆனால் அணு அடுக்குகள் ஒவ்வொன்றிலும் வேறு வேறு திசையில் திரும்பியிருக்கும். பிராக் விதிப்படி, சரியான கோணம் வந்தால்தான் எக்ஸ்ரே சிதறி வெளியே வரும். சமிக்கி வைத்த சேலை கட்டினவங்க திரும்பும்போது ஒவ்வொரு சமிக்கியா மின்னுமே, அதுபோல! சாம்பிளைச் சுழற்றினால் ஒவ்வொரு கிரெய்னும் தன் முறை வரும்போது டிடெக்டரில் ஒரு புள்ளி வைக்கும். புள்ளிகளைக் கணக்குப் போட்டால் கிரெய்ன் இருக்கும் இடமும் திசையும் கிடைக்கும். புள்ளி கொஞ்சம் நகர்ந்திருந்தால் அந்தக் கிரெய்ன் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தாரும் பிரான்சின் கிரனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானும் 1990களின் இறுதியில் இதை உருவாக்கினார்கள்.

இதில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். ஜி.என்.ராமச்சந்திரன், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் எலக்ட்ரிக்கல் படிக்கப் போனவரை சி.வி.ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். 1944-லேயே வைரத்தின் உள்ளமைப்பை எக்ஸ்ரே சிதறல் மூலம் படமாக்கிக் கட்டுரை வெளியிட்டார். 1971-ல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணப் படங்களிலிருந்து உள்வடிவத்தை வரைய, ஃபூரியர் கணக்குக்குப் பதிலாகச் சுருக்கமான வழி ஒன்று சொன்னார். கம்ப்யூட்டருக்கு வேலை வெகுவாகக் குறைந்தது. சிடி ஸ்கேனில் புகழ்பெற்ற 'ராம்-லாக் ஃபில்டர்' அதுதான். கிரெய்ன்களின் வடிவத்தை வரையவும் இன்று அது உதவுகிறது.

கணக்கு வேகமானால் போதுமா? ஊசி போன்ற கதிரை வைத்து, சாம்பிளை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் சுழற்ற வேண்டும். அதற்குள் லோடு கொடுத்த சாம்பிளில் விரிசலே விழுந்துவிடும்! 2020-ல் கிரனோபிள் சிங்க்ரோட்ரான் புதுப்பிக்கப்பட்டுக் கதிர் பல மடங்கு செறிவானது, டிடெக்டர்களும் வேகமாகின. நின்று நின்று எடுக்காமல், சுழன்றுகொண்டே படம் எடுக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது, 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். கிரனோபிளில் 6. தடிமனான இரும்பைத் துளைக்க அதிக ஆற்றல் எக்ஸ்ரே வேண்டும். அங்கேகூட முழு பம்ப் பாடியை வைத்து இப்படிக் கிரெய்ன் கிரெய்னாகப் பார்க்க முடியாது, பென்சில் முனை அளவு துண்டுதான்.