வெப்ஷெல்லுக்கு யார் பெயர் வைப்பது?

நம்பிக்கை: பழைய வெப்ஷெல்களின் பட்டியல் இருந்தால் ஸ்கேனர் எதையும் பிடித்துவிடும்.

சர்வருக்குள் புகுந்தவர், மறுபடி வந்துபோக வசதியாக விட்டுச்செல்லும் நிரல்தான் வெப்ஷெல். சி99, ஆர்57 போன்ற பிஎச்பி ஷெல்கள் கைமாறிக்கொண்டே இருப்பவை. வாங்கியவர் கடவுச்சொல்லை மாற்றுவார், தலைப்பில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். ஓர் எழுத்து மாறினாலே கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும், பட்டியலோடு பொருந்தாது. அதனால்தான் எஸ்எஸ்டீப் (2006) போன்ற கருவிகள் கோப்பைத் துண்டுபோட்டு ஹாஷ் செய்து, இரண்டு கோப்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் தருகின்றன.

அதிலும் ஒரு சிக்கல். நிரலை ஜிஜிப்பில் சுருக்கி, பேஸ்64-ஆக மாற்றி, அதை மறுபடியும் சுற்றிவைப்பது ஷெல்லைக் கைமாற்றுபவர்களின் வழக்கம். ஒரே ஷெல்லை இரண்டு விதமாகச் சுற்றினால் மதிப்பெண்ணில் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. சம்பந்தமில்லாத இரண்டை ஒரே விதமாகச் சுற்றினால் ஒரே குடும்பம் என்று வந்து நிற்கும். ஒரே கடைச் சட்டை போட்டவர்களெல்லாம் அண்ணன் தம்பியா? வகைப்படுத்தலில் பாதி வேலை உறையைப் பிரிப்பதுதான். அதுவும் நிரலை ஓடவிடாமல், எழுத்துகளை நிரலாக ஓடவைக்கும் ஈவல் வரும் இடத்தில் நிறுத்தி, உள்ளே போகவிருந்த எழுத்துகளை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். சில சமயம் இப்படி ஐந்தாறு முறை. உள்ளே எந்தச் செயற்கூறுகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று ஒப்பிடுவது அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: புரியாத எழுத்துக்குவியல் என்றால் விஷமம்தான்.

காசு கொடுத்து வாங்கும் ப்ளகின்கள் பல ஐயான்க்யூப் என்ற குறியாக்கக் கருவியில் பூட்டி வருகின்றன. பார்த்தால் குப்பை போலத்தான் இருக்கும். மறுபக்கம், சைனா சாப்பர் என்ற வெப்ஷெல்லின் சர்வர் பகுதி ஒற்றை வரி. வந்ததை வாங்கி ஈவலுக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். அதில் குழப்பமான எழுத்தே கிடையாது. எழுத்துச் சிதறலை மட்டும் அளக்கும் கருவி முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடும்.

நம்பிக்கை: குடும்பப் பெயர் தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும்.

தெரியாது. சைனா சாப்பரைப் பல குழுக்கள் பயன்படுத்தியிருக்கின்றன. சி99-இன் பரவலான பதிப்பு ஒன்றில் கடவுச்சொல்லைத் தாண்டிப் போக ஓட்டையே இருந்தது. திருடன் வைத்த கதவில் அடுத்த திருடன் நுழையலாம்.

நம்பிக்கை: அடையாளம் கண்டு அழித்தால் முடிந்தது.

2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்களின் ஓட்டைகள் வழியே ஏராளமான வெப்ஷெல்கள் நுழைந்தன. ஏப்ரலில் நீதிமன்ற அனுமதியோடு அமெரிக்க எஃப்பிஐ நூற்றுக்கணக்கான சர்வர்களில் அவற்றை அழித்தது. ஆனால் ஓட்டையை அடைக்கவில்லை, வேறு தீநிரல் இருக்கிறதா என்று தேடவுமில்லை. அந்த வேலை சர்வர்க்காரர்கள் தலையில்தான் விழுந்தது.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் தொடங்க எளிய வழி உண்டு. அதன் மூலக் கோப்புகளுக்கான செக்சம்கள் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் சர்வரில் உள்ளவற்றை அவற்றோடு ஒப்பிடுங்கள். பிறகு அப்லோட்ஸ் கோப்புறையைப் பாருங்கள். படங்கள் இருக்க வேண்டிய அந்த இடத்தில் பிஎச்பி கோப்பு கிடந்தால், அது எந்தக் குடும்பம் என்ற ஆராய்ச்சி பிறகு இருக்கட்டும்.